காகத்தின் அலகு

சிறுவருக்கான சித்திரக் கதைநூல்களை ஆக்கும் தொழிலில் இறங்கியோர், என்றேனும் ஒரு நாள் நட்பைப் பொருளாகக் கொண்டு எழுதாமல் விடுவதில்லை. அவ்வாறு எழுதப்பெற்றவற்றுள் பல, ‘ஆகவே குழந்தைகளே’ என்று தொடங்கும் உபதேச வாக்கியம் ஒன்றைக் கடைசிப் பக்கத்தில் சுமந்துகொண்டே அச்சகத்தை விட்டு வெளிவருகின்றன. அவ்வாக்கியத்தை அடித்துவிட்ட பின் எஞ்சுவது எதுவோ அதுவே நூல் என்பது என் அபிப்பிராயம்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இத்தொழிலைச் செய்பவனுக்கு, பஞ்சதந்திரத்தில் நட்புப் பெறுதலைக் கூறும் பகுதியாகிய சுகிர்லாபம் வலிய வந்து வாய்த்த கதை. 1826ஆம் ஆண்டில் தாண்டவராய முதலியாரின் தமிழ் உரைநடையில் வெளிவந்த அந்நூலில் சிநேகம் பூணும் காகம், எலி, ஆமை, மான் என்னும் நான்கினுள், பிற ஊர்ப் பிள்ளைகள் படத்திலே மாத்திரம் காணும் புள்ளிமான், இத்துறைமுக நகரில் பிரெட்ரிக் கோட்டையிலும் கடற்கரையோரத்திலும் தாராளமாக உலாவுகின்றது. ஓவியர் கொம்பைச் சற்றே பிசகி வரைந்துவிட்டாலும், “எங்கட மானுக்கு இப்பிடிக் கொம்பு இல்லை” என்று முன்பள்ளிப் பிள்ளை திருத்திவிடும்.

அக்கதையின் உயிர்நிலை எலியின் மறுப்பில் இருக்கின்றது. காகம் சிநேகம் வேண்டி வளைவாயிலில் நிற்க, தின்பவனுக்கும் தின்னப்படுபவனுக்கும் நட்பு எப்படி உண்டாகும் என்று எலி உள்ளிருந்தபடியே கேட்கின்றது. இக்கட்டத்தைச் சுருக்கச் சொல்வோர் உளர். நானோ 16 பக்க நூலில் 6 பக்கங்களை இதற்கே ஒதுக்குவேன். காகம் நின்ற இடத்திலேயே நிற்க, பக்கம் புரளப் புரள எலியின் மீசையும், மூக்கும், பின்னர் ஒரு கண்ணும் வெளிப்படும். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தினால், கம்பி தைக்கும் நடுமடிப்பே அவற்றினிடையே எல்லைக்கோடாகிவிடும். எலி அதனைத் தாண்டும் பக்கத்தில் எழுத்து ஒன்றும் இருத்தலாகாது.

மூவினத்தாரும் கலந்து வாழ்வதும், நெடுங்காலம் யுத்தத்தைக் கண்டதுமாகிய இம்மாவட்டத்தில், அச்சம் கொள்வது பிழையென்று பிள்ளைகளுக்குப் போதிப்பது பொய்யுரையாகும். மூதூரிலும் கிண்ணியாவிலும் வாசித்துக் காட்டுகையில் எலியின் கட்சி பேசும் பிள்ளைகளே அதிகம்; எலியின் அச்சம் நியாயமானதென்று நூல் ஒப்புக்கொண்டால்தான், காகம் காத்திருந்த பொறுமைக்கு மதிப்பு உண்டாகின்றது.

கதையின் முடிவில், வேடன் கையில் அகப்பட்ட ஆமையை மீட்பதற்காக மான் குளக்கரையில் செத்ததுபோற் கிடக்க, காகம் அதன் தலைமீதமர்ந்து கண்ணைக் கொத்துவதுபோல் நடிக்கின்றது. வேடன் ஆமையைப் போட்டுவிட்டு மானை நோக்கி ஓட, எலி கட்டை அறுத்துவிடுகின்றது. கோரமாயிருக்குமே என்று அஞ்சி, ஓவியர்கள் மானின் தலையைத் தவிர்த்து வேடனின் ஓட்டத்தை வரைய விரும்புவர். ஆனால் தொடக்கத்தில் எந்த அலகுக்கு அஞ்சி எலி ஒளிந்திருந்ததோ, அதே அலகு இப்போது மானின் மூடிய இமைமேல் இருக்கின்றது. மானோ அசையாது கிடக்கின்றது. விசுவாசத்தை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல படத்தை நான் அறியேன். ஆதலின், இரு இடங்களிலும் அலகை ஒரே கூர்மையுடன் வரைய வேண்டுமென்று வற்புறுத்துகின்றேன். சிறிது மழுக்கி வரைந்தால் பக்கம் பார்க்க இனிதாகலாம், ஆனால் மான் அசையாதிருப்பதற்கு அர்த்தம் இல்லாமற் போய்விடும்.