பைல் லீக்!

பித்தம் தலைக்கேறினால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வயிற்றுக்குள்ளேயே ஒழுகியது.

பித்தப்பையில் கல். நாலு ஓட்டை போட்டு, பையையே உருவிவிட்டார்கள். (1985-ல் எரிக் மூயே என்ற ஜெர்மன் டாக்டர் இந்த முறையில் முதன்முதலாக எடுத்தபோது, சக டாக்டர்களே அவரைக் கரித்துக் கொட்டினார்கள்!) மறுநாளே வீடு. 'திங்கட்கிழமை வந்துடறேன் சார்' என்று மேனேஜருக்குப் போனும் பண்ணியாச்சு.

மூன்றாம் நாள் ராத்திரி வலது விலாவில் வலி. தோள்பட்டை வரை இழுத்தது.

"ஆபரேஷன்ல அடைச்ச காஸ்தான் மாப்ளே. பெருங்காயம் கரைச்சுத் தரேன்" என்றார் மாமனார். காஸ் வலி என்றால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இதுவோ ஏறிக்கொண்டே போனது. விடிவதற்குள் காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பல்.

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் என் மனைவி. கல்யாணமான ஆறு வருஷத்தில் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. ஆட்டோ வந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "பைல் லீக்" என்றார். ஆபீஸில் ஃபைல் லீக்கானால் மெமோ வரும். இதற்கு ட்யூப் வந்தது.

பித்தத்தைச் சுரப்பது பை இல்லை சார், கல்லீரல். தினம் அரை லிட்டருக்குக் குறையாமல். பை வெறும் கிடங்கு. அதை எடுக்கும்போது கிளிப் போட்டு மூடிய குழாயிலிருந்தோ, கல்லீரலை ஒட்டிய மெல்லிய கிளைக் குழாயிலிருந்தோ ஒழுகலாம். நூறு பேரில் ஒருத்தருக்கு வந்தால் அதிகமாம். லாட்டரியில் பத்து ரூபாய் விழுந்ததில்லை எனக்கு!

விலாவில் ட்யூப் சொருகி, ஒழுகியதை ஒரு பிளாஸ்டிக் பையில் பிடித்தார்கள். மனைவி பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்தாள். 300. 280. 310.

"நிக்கலைன்னா மறுபடி வயித்தைத் திறக்கணுமா டாக்டர்?" என்று அவள் வெளியில் கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை.

நான்காம் நாள் வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, பித்தக்குழாயின் வாயில் சின்ன ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கே ஒரு தசை சுருக்குப் பை மாதிரி இறுக்கிப் பிடித்திருக்குமாம். "வாசல் திறந்திருந்தா எவன் சார் சுவரேறிக் குதிப்பான்?" என்றார் டாக்டர். பித்தம் நேர் வழியில் குடலுக்குப் போக, ஓட்டை தானாகவே ஆறிவிடும்.

மறுநாள் 120. அப்புறம் 40. பூஜ்யம் எழுதிய அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

ஆறாம் வாரம் ஸ்டென்டை எடுத்தார்கள். பார்க்க வந்த மாமனார் கையில் ஒரு பொட்டலம். வாசனையே காட்டிக்கொடுத்தது.