மைக்கேலாஞ்சலோவுக்குப் பின்பக்கத் தெரு

ஆம்பூர் லெதர் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் உத்தியோகம் பார்ப்பவனுக்கு ஐரோப்பா என்பது மூன்றே இடங்கள்: ஏர்போர்ட், கண்காட்சி ஹால், ஓட்டல் ரூம். "இத்தாலி போய்ட்டு வந்தியே, என்னப்பா பார்த்தே?" என்று வீட்டில் கேட்டால், "மூணாம் நம்பர் ஹால்" என்று சொல்வதுதான் நேர்மை!

எனக்கு மட்டும் ஒரு சபலம் உண்டு. மிலன் கண்காட்சி முடிந்ததும் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுவேன். இரண்டு மணி நேரத்தில் ஃப்ளாரன்ஸ். இதுவரை நான்கு தடவை போயாகிவிட்டது. டேவிட் சிலையை முதல் தடவையே பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் கியூவில் நின்ற நேரத்தில் ஆம்பூரிலிருந்து வேலூர் போய்த் திரும்பியிருக்கலாம். அன்றைக்கே கைடு புத்தகத்தை மூடிவிட்டு மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

மூக்கு என்று சும்மா சொல்லவில்லை. ஆம்பூர் வந்தால் ரயில் பயணிகள் இரண்டு காரியம் செய்வார்கள். பிரியாணியை நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். டேனரி காற்று வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார்கள். அந்தக் காற்றிலேயே வளர்ந்த எனக்கு, பழைய தோல் ஊர் எதுவானாலும் அடையாளம் தெரியும்.

சான்ட்டா குரோச்சே சர்ச்சுக்குள் மைக்கேலாஞ்சலோ, கலீலியோ, மாக்கியவெல்லி மூன்று பேரும் அடக்கம். டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விடுகிறார்கள். நீங்கள் பின்பக்கமாக நடந்து பாருங்கள். சுவரில் ஒரு பெயர்ப் பலகை: வியா தேய் கோஞ்சாத்தோரி. தமிழில் சொன்னால், தோல் பதனிடுவோர் தெரு! கொஞ்சம் தள்ளி, ஆற்றுப் பக்கமாக, கோர்ஸோ தேய் டின்ட்டோரி. சாயம் போடுகிறவர்கள் வீதி. பக்கத்திலேயே ஆர்னோ ஆறு. தோலைக் கழுவவும் தண்ணீர் வேண்டும், கழுவினதை விடவும் தண்ணீர் வேண்டும். பாலாற்றங்கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உட்கார்ந்திருக்கிற அதே கணக்கு.

சர்ச்சோடு ஒட்டினாற்போல் ஒரு தோல் வேலைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அநாதையான பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க, அந்த மடத்துத் துறவிகளும் இரண்டு தோல் வியாபாரக் குடும்பங்களும் சேர்ந்து 1950-ல் ஆரம்பித்தது. ஒரு பெண் பர்ஸுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் செக்‌ஷனில் அக்காமார்கள் மடிக்கிற அதே விரல் வாகு. பாஷை தெரியாத ஊரில் எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

பசித்தால் தள்ளுவண்டி. லாம்ப்ரெதொத்தோ என்று மாட்டின் நான்காவது வயிற்றை வேகவைத்து, பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள். பெயர்தான் பெரிசு. கடித்தால் நம்ம ஊர் போட்டி சமாசாரம்! ஆனால் அந்த ஊரின் வழக்கமான ரொட்டியில் உப்பே போடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காபியை நின்றே குடியுங்கள். உட்கார்ந்தால் பல கடைகளில் தனி ரேட்.

சாப்பிட்ட பிறகு உட்கார இடம் வேண்டுமானால் சியோம்ப்பி சதுக்கம். 1378-ல் கம்பளி மில் கூலிகள், சங்கம் வைக்கக்கூட உரிமை இல்லாதவர்கள், ஆட்சியையே பிடித்தார்கள். கம்பளி சிக்கெடுக்கிற ஒருவர் நகரத்துக்குத் தலைவரானார். சில வாரங்களிலேயே அவர்கள் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் சதுக்கத்தில் மிச்சம்.

சுவர்களில் ஆளுயரத்துக்கு மேலே சின்னச் சின்ன கல்வெட்டுகள். 1966 நவம்பர் 4-ம் தேதி ஆர்னோ வெள்ளம் அதுவரை வந்ததாம். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்த கதை எனக்கு ஞாபகம் வந்தது.

எல்லாம் சரி, வாசனை எங்கே? தோல் தெருவில் காபி மணம்தான் அடிக்கிறது. நகைக்கடைகள் ஜொலிக்கிற போன்ட்டே வெக்கியோ பாலத்தில் முன்பு கசாப்புக் கடைகள்தான் இருந்தன. நாற்றம் பொறுக்காமல் 1593-ல் அரசர் அவர்களைத் துரத்திவிட்டுத் தட்டார்களை உட்காரவைத்தார். அப்படியானால் தோல்காரர்களின் வாசனை எங்கே போயிற்று?

மூன்றாவது தடவை தேடிப் போனேன். ரயிலும் பஸ்ஸுமாகப் பீசா பக்கம் போனால், ஆறு ஓடுகிற போக்கில் ஒரு சிறிய ஊர். அதற்கும் பெயர் சான்ட்டா குரோச்சேதான். பஸ் கதவு திறந்ததும் சிரித்துவிட்டேன். ஆம்பூர் ஸ்டேஷன்! டிரம்கள் உருளுகிற சத்தம், வண்டியில் ஈரமாக வெட் புளூ தோல்கள், ஷிஃப்ட் முடிந்து வருகிற செனகல் தேசத்து இளைஞர்கள். சாலையில் ஒரு டூரிஸ்ட் கிடையாது. எல்லோருக்குமாகப் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறார்கள்.

அழகான ஊர் தன் வாசனையைக் கொஞ்ச தூரம் தள்ளி வைத்தது. உலகம் இன்னும் கொஞ்சம் தள்ளி, எங்கள் பக்கமும் வைத்தது.

எங்கள் ஊர் சட்டப் புத்தகத்தில் ஏறிய கதை தெரியுமோ? 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவனே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. டேனரிகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. 2025 ஜனவரி 30-ல், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுங்கள் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் போனது இருபத்தெட்டு வருஷம்.

அப்பா டேனரியில் கணக்கு எழுதின சம்பளத்தில் படித்தவன் நான். 'இழுத்து மூடு' என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவன் என்பதால், 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று சொல்லவும் வராது.

நூறு வருஷம் கழித்து ஆம்பூரிலும் எவனாவது ஒருத்தன் கைடு புத்தகத்தை மூடிவிட்டு நடந்து வருவான். 'தோல் பதனிடுவோர் தெரு' என்ற பலகையைப் பார்த்து, ஆறு எந்தப் பக்கம் என்று டீக்கடையில் விசாரிப்பான்.

காட்டுவதற்கு ஆறு இருக்க வேண்டும், சார்.