வாட்டம் இல்லாத தரை

மைசூரு கோகுலத்தில் தெருவுக்கு நாலு யோகா வகுப்பு. அப்படி ஒன்றின் முதல் மாடிக் கூடத்துக்கு வினைல் விரிக்கப்போகிறார்கள். அதற்கு முன் கான்கிரீட் தளத்தை மட்டமாக்க வேண்டும். "ஏழு மணிக்குள்ள வந்துருங்க சார், வெயில் ஏறினா மாவு சீக்கிரம் இறுகிடும்" என்றார் தர்மபுரிக்கார மேஸ்திரி.

போனபோது ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மின்விசிறியும் ஓடவில்லை. காற்றுப் பட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து வெடித்துவிடுமாம்.

தரையில் ஊற்றும் இந்த மாவுக்குப் பெயர் செல்ஃப் லெவலிங். தானாக மட்டமாவதை வேடிக்கை பார்க்கலாம் என்று போனேன். தானாக நடப்பது கடைசிக் கால் மணி நேரம்தான். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தளத்தைக் கிரைண்டரால் தேய்த்து, தூசியை உறிஞ்சி, சுவரோரம் ஃபோம் பட்டை ஒட்டி, ப்ரைமர் அடித்திருந்தார்கள். ப்ரைமர் இல்லையென்றால் காய்ந்த கான்கிரீட் மாவின் தண்ணீரைக் குடித்துவிடும்; அதற்குள் இருக்கும் காற்று மேலே வந்து தரையெங்கும் ஊசித்துளை போடும். மூலையில் முந்தின நாள் நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்த பாலிதீன் தாளைப் பிரித்துக் காட்டினார். அடியில் வியர்க்கவில்லை. ஈரம் இல்லை என்று அர்த்தம்.

குழாய் ஏறும் ஓட்டைகளை மட்டும் மூன்று முறை தடவிப் பார்த்தார். "ஒரு சைட்டுல அடைக்க மறந்துட்டோம். ரெண்டு வாளி மாவு, நேரா கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மேல."

400 சதுர அடி, 5 மில்லிமீட்டர் கனம், 25 கிலோ மூட்டை பதின்மூன்று. மூட்டைக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வாளியில் கோடு போட்டிருந்தது. கோட்டைத் தாண்டினால் மணல் அடியில் தங்கி, மேலே பாலாடை போல் ஒரு படலம் நிற்கும். அது பின்னால் உரிந்து வரும். டிரில்லில் மாட்டிய மத்தால் கலக்கியதும், ஒரு துண்டு பிவிசி குழாயைத் தாள்மேல் நிறுத்தி, மாவை நிரப்பித் தூக்கினார். தோசை மாதிரி வட்டமாகப் பரவியது. ஓரத்தில் தண்ணீர் பிரியவில்லை. தலையாட்டினார்.

பிறகு பேச்சே இல்லை. ஹுணசூர்ப் பையனைப் பார்த்து "பேக ஹாகு, பேக!" என்ற கன்னடம் மட்டும். முதல் வாளியின் ஓரம் இறுகுவதற்குள் அடுத்த வாளி அதில் கலக்க வேண்டும், தாமதித்தால் தழும்பு. மேஸ்திரி ஆணி வைத்த செருப்போடு மாவுக்குள்ளேயே நடந்து முள் உருளையை ஓட்டினார். குமிழிகள் உடைந்தன. ஆணி குத்திய தடங்கள் அவர் திரும்புவதற்குள் மூடிக்கொண்டன.

"முப்பது வருசமா வாட்டம் குடுத்தே பழகின கை சார் இது" என்றார், டீ குடிக்கும்போது. "பத்தடிக்கு ஒரு அங்குலம். இங்க வந்தா வாட்டமே கூடாதுங்கறாங்க."

எங்கள் பழைய வீட்டின் ரெட் ஆக்சைடு தரை ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை கழுவிவிட்டால் தண்ணீர் தானே முற்றத்து மடையைத் தேடிப் போகும். இந்தக் கூடத்தைக் கழுவ முடியாது, துடைக்கத்தான் வேண்டும்.

நாலு மணி நேரம் கழித்து அலுமினியச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்தார்கள். வாசற்படியருகே மட்டும் ஒரு நூல் பள்ளம்.

மேஸ்திரி கைகால் கழுவக் குளியலறைக்குப் போனார். அங்கே போன மாதம் அவரே பதித்த டைல்ஸ். மக்கிலிருந்த மிச்சத் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிவிட்டு, அது மூலையிலிருந்த ஜாலிக்குள் இறங்கும்வரை நின்று பார்த்தார்.