கைக்கு எட்டினால் வாய்க்கு எட்டும்

சர்க்கரை வியாதிக்காரரைப் பார்த்ததும் யோசனை சொல்லாத ஒரு தமிழரையாவது நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா? எனக்கு இன்னும் அந்த பாக்கியம் கிடைக்கவில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல். மீதி 130 கோடிப் பேரும் வைத்தியர்கள் என்பது என் சொந்த ஆய்வு.

அம்மாவுக்கு 2004-லிருந்து சர்க்கரை. வெண்டைக்காய் ஊறிய தண்ணீர், ஆவாரம்பூ டீ, பாகற்காய் ஜூஸ் எல்லாம் ஒரு சுற்று வந்தாயிற்று. சித்தப்பா ஒருத்தர் சிறுகுறிஞ்சான் இலையைக் கொண்டுவந்து மெல்லச் சொன்னார். அதை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. சர்க்கரையைப் போட்டால் மணல் மாதிரி இருக்கும். "வியாதி இருந்த இடத்திலேயே இருக்கு. ருசியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு உங்க சித்தப்பா" என்றாள் அம்மா.

யார் யோசனை சொன்னாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். "தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லு தம்பி. எல்லாம் ஓடிப்போயிடும்!"

அம்மா பக்கத்தில் நிற்கும் வாக்கரைப் பார்ப்பாள். 2022 ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்ததிலிருந்து அவளுடைய ஊர் சுருங்கிவிட்டது. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினெட்டுத் தப்படி. அடுக்களைக்கு முப்பத்தொன்று, நடுவில் ஒரு நிலைப்படி.

வெறும் சர்க்கரை என்றால் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதோடு கவலை முடிந்துவிடும். நடக்கவும் முடியாது என்றால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்கிறது. டாக்டர் கொடுத்த டயட் சார்ட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

அம்மா போட்டுக்கொள்ளும் இன்சுலின், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடவேண்டிய வகை. ஊசி உள்ளே போய்விட்டால் அது கடன்காரன் மாதிரி. சொன்ன நேரத்துக்கு வந்து வாசலில் நிற்கும். சாப்பாடு வரவில்லையென்றால் இருக்கிற சர்க்கரையை ஜப்தி பண்ணிக்கொண்டு போய்விடும். காலில் வலு இருப்பவர் எழுந்துபோய் ஒரு வாழைப்பழத்தை உரித்துப் போட்டுக்கொள்வார். அம்மா யாராவது கொண்டுவரக் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மனைவி எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அந்த 'யாராவது' நான்தான்.

இதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது 2023-ல், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். "ஊசி போட்டுக்கிட்டு டிபன் சாப்பிடுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுக்கணும்" என்றார்கள். அப்படியே போட்டுக்கொண்டாள். கேன்டீன் இரண்டாவது மாடியில். லிஃப்டில் 'பழுது' என்று அட்டை. சக்கர நாற்காலியோடு அம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு நான் மேலே ஓடினால், டோக்கன் வரிசை திருவிழாக் கூட்டம். நாலு இட்லியோடு நான் இறங்கி வந்தபோது அம்மாவின் ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்:

"ஏன்டா, அப்பா இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரலை?"

அப்பா 2017-லேயே போய்விட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் என் கையிலிருந்த பொட்டலத்தைத் தள்ளினார். "இட்லியெல்லாம் அப்புறம். முதல்ல இது." அவருடைய மஞ்சள் பையிலிருந்து குளுக்கோஸ் பவுடர் வெளியே வந்தது. தண்ணீர் பாட்டிலில் கொட்டிக் கலக்கினார். அம்மாவுக்கு விழுங்குகிற தெம்பு இருந்தது, குடித்தாள். (மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். நேரே டாக்டர்தான்.) கால் மணி நேரத்தில், "இவரு யாருடா?" என்று கேட்கும் அளவுக்குத் திரும்பி வந்துவிட்டாள். "நாங்க பழைய பார்ட்டிங்கம்மா" என்றார் அவர். மருந்துச் சீட்டும் ஊசியும் கொடுத்த அந்தக் கட்டடத்தில், கையில் ஒரு இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொன்னது ஒரு மஞ்சள் பை.

அன்றிலிருந்து அம்மாவின் வாக்கரில் ஒரு சின்ன டப்பா தொங்குகிறது. மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், அதாவது சுமார் 15 கிராம். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் சரிப்படாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைச் சீக்கிரம் ரத்தத்தில் கலக்க விடாது.

நான் பி.காம். எங்கே டப்பா உண்டோ அங்கே சரக்கிருப்புக் கணக்கும் உண்டு. ஒரு மாதத்தில் இரண்டே தடவைதான் 'லோ' ஆனது, ஆனால் டப்பாவில் பாதி காணோம். ஆறு வயது மகளை விசாரித்தேன். அவள் பாட்டியைப் பார்த்தாள். பாட்டி மின்விசிறியைப் பார்த்தாள். "லோ மாதிரி இருந்துச்சுடா" என்றாள் அம்மா. விரலில் குத்திப் பார்த்தால் 186!

சாப்பாட்டு விஷயத்தில் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. தட்டில் பாதி காய்கறி, முதலில் அது. அப்புறம் சாதம், குழிக்கரண்டியால் இரண்டு. ராத்திரி மூன்று இட்லி. ஞாயிற்றுக்கிழமை விரால் மீன் குழம்பு. ஒரே ஒரு தகராறு, கேழ்வரகு. அதைக் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று ஊரே நம்புகிறது. அதில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம், வாஸ்தவம்தான். ஆனால் 100 கிராமில் மாவுச்சத்து 70 கிராம் வரை இருக்கிறது. நைஸாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் இதே கதை. 'நாட்டு' என்று முன்னால் போட்டதால் கணையம் ஏமாந்துவிடாது.

காப்பி பற்றி மட்டும் கேட்காதீர்கள். இது கும்பகோணம். சர்க்கரை போடாத காப்பியைக் கொடுத்தால், "ஆறிடுச்சு" என்று தள்ளி வைப்பாள். ஆவி பறந்துகொண்டிருக்கும்.

அவளுக்கு நிஜமான வருத்தம் சாப்பாட்டில் இல்லை, சமையலில். நாற்பது வருஷம் அந்த அடுக்களையை ஆண்டவள். நிலைப்படி மேல் அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு என்ன பாசமோ, எங்கள் வீட்டில் அறைக்கு ஒன்று. ஆசாரியைக் கூப்பிட்டு அடுக்களை நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் சரிவாகப் பலகை அடிக்கச் சொன்னேன். மேடைக்குப் பக்கத்தில் கை வைத்த நாற்காலி போட்டேன். அரிவாள்மணையில் உட்கார முடியாது. மேஜை மேல் பலகை, கத்தி. "கத்தியில நறுக்கின அவரைக்காய்க்கு ருசியே கிடையாது" என்பாள். ஆனாலும் நறுக்குவாள். நான் தாளிக்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "பெருங்காயம் போடலை." போட்டிருக்க மாட்டேன்.

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே பத்து நிமிஷம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாள். வேலை செய்கிற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ரேடியோவில் பழைய பாட்டு ஓடினால் குதிகால் தாளம் போடும். புதுப் பாட்டென்றால் வேலைநிறுத்தம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் அம்மணியிடம், "இந்த மாசம் எத்தனை தடவை தாளம் போட்டேன் தெரியுமா?" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

ராத்திரி வேலை ஒன்று பாக்கி இருக்கும். டார்ச் அடித்து அவளுடைய உள்ளங்கால்களைப் பார்க்க வேண்டும். பாதம் மரத்துவிட்டது; முள் குத்தினாலும் தெரியாது, தானாகக் குனிந்து பார்க்கவும் முடியாது. முதல் நாள் காலை இழுத்துக்கொண்டாள். "பெத்த பிள்ளை காலைத் தூக்கிப் பார்க்கிறதாவது!" என்றாள். "சின்னப் பிள்ளையில என் காலைத் தூக்கி நீ என்னென்ன பார்த்திருப்பே?" என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். இப்போது பேத்திதான் டார்ச் பிடிக்கிறாள். விரலிடுக்கு விரலிடுக்காக எண்ணிச் சொல்கிறாள்.

தினம் விரலில் குத்திப் பார்ப்பது கல்லாக் கணக்கு. ஹெச்.பி.ஏ. ஒன் சி என்கிற சோதனை காலாண்டுக் கணக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும், முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. 9.4-ல் இருந்தது இப்போது 7.6. டாக்டர் பாராட்டினார். "அப்போ ஒரு ஜாங்கிரி?" என்றாள் அம்மா. பேரம் நடந்து கால் ஜாங்கிரியில் முடிந்தது.

போன புதன்கிழமை ராத்திரி இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு முன்னறையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஊசி போட்டு இருபது நிமிஷம் ஆகியிருந்தது. சட்டென்று ஞாபகம் வந்து எழுந்து ஓடினால் கட்டில் காலி. அடுக்களையில், நாற்காலிக்குப் பக்கத்தில் வாக்கர். அடுப்பு அணைந்திருந்தது. தட்டு எடுத்து வைத்தாயிற்று.

"நீ எழுதிட்டிருந்தே. கூப்பிடலை" என்றாள் அம்மா. "சட்னி எங்கடா?"