சாயத் தொட்டியும் தறி ஊசியும்

பார்ஸிலோனாவுக்குப் போகிறவர்கள், கௌடி என்ற கட்டடச் சிற்பியின் ஸக்ராடா ஃபமீலியா கோவிலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்புவது வழக்கம். நானும் பார்த்தேன், கழுத்தும் வலித்தது. மறுநாள் பிளாஸா எஸ்பான்யாவில் ரயிலேறிக் கொலோனியா குவெல் என்ற சிற்றூருக்குப் போனேன். அரைமணிகூட ஆகவில்லை. வழி கேட்க வேண்டியதே இல்லை. ஸ்டேஷனிலிருந்து தரையில் நீல வர்ணப் பாதச் சுவடுகள் அழைத்துப் போகின்றன!

1890-ல் ஏயுஸேபி குவெல் என்ற செல்வந்தர் தம் ஜவுளி ஆலையை இங்கே கொண்டுவந்தார். வெல்வெட்டும் கார்டுராயும் நெய்தார்கள். தொழிலாளருக்குச் செங்கல் வீடுகள், பள்ளிக்கூடம், நாடகக் கொட்டகை எல்லாம் அவரே கட்டித் தந்தார். வீடு ஆலைக்குச் சொந்தம். வேலையை விட்டால் எங்கே குடியிருப்பது? யோசித்துப் பாருங்கள்.

1905-ல் ஒரு சிறுவன் கொதிக்கும் சாயத் தொட்டியில் விழுந்துவிட்டான். கால்கள் வெந்துபோயின. பிறர் தோலை எடுத்து ஒட்டினால்தான் தேறுவான் என்ற நிலை. சக தொழிலாளரும், பாதிரியாரும், முதலாளியின் பிள்ளைகள் இருவரும் தங்கள் தோலையே கொடுத்தார்களாம்! கேட்டதும் நெஞ்சு உருகிவிட்டது. அடுத்த நிமிஷமே, 'புத்தகப் பை சுமக்க வேண்டிய பிள்ளைக்குச் சாயத் தொட்டியருகே என்ன வேலை?' என்ற கேள்வியும் எழுந்தது. அந்த வீதிகளில் நடந்தபோதெல்லாம் இரண்டும் என்னை விடவில்லை.

ஊருக்கு ஒரு கோவில் கட்டக் கௌடியை அழைத்தார் குவெல். நூல்களைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டு நிரப்பிய சிறு பைகளைக் கட்டி, அந்த வளைவுகளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக் கட்டடத்தின் உருவத்தைக் கண்டுபிடித்தார் கௌடி. 1908-ல் வேலை ஆரம்பமாயிற்று. 1914-ல் பணம் நின்றது. கீழ்த்தளத்தோடு கோவிலும் நின்றது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

உள்ளே சாய்ந்த தூண்களையும், பட்டாம்பூச்சி போன்ற வர்ணக் கண்ணாடிகளையும் எல்லோரும் வியக்கிறார்கள். என் கண் போனது ஜன்னல் கம்பிகளின் மேல். அவை ஆலையில் கழித்துப் போட்ட தறி ஊசிகள்! எத்தனை பேரின் உழைப்பைக் கண்ட ஊசிகளோ!

1973-ல் ஆலை மூடப்பட்டது. ஆனால் ஊர் காலியாகவில்லை. வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றார்கள். ஒரு வாசலில் பாட்டியம்மாள் ஒருத்தி பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பார்ஸிலோனாவுக்குப் போகும் சகோதரிகள் கோவிலோடு திரும்பிவிடாமல், அந்த வீதிகளிலும் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.