டிஸ்க் விலகினால் உடனே ஒபரேஷனா?



"சேர், கத்தி வைக்காம எப்படி சுகமாச்சு?" என்று ஹல்துமுல்லை டவுனில் காண்கிறவர்கள் எல்லாம் கேட்பதால் எழுதுகிறோம். சுகமாகிவிட்டது என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. பெரகலை வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டே ஹப்புத்தளை வரை போய்வர முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

எமக்கு விலகியது இடுப்பில் நாலாம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க். அதன் வெளிவளையம் கிழிந்தால் உள்ளே இருக்கும் ஜெலி போன்ற பகுதி பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெருக்கும். அதனால்தான் இடுப்பை விடக் கால் அதிகமாக வலிக்கிறது. பிட்டத்தில் தொடங்கிப் பெருவிரல் வரை மின்சாரம் மாதிரி இழுக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பிதுங்கி வந்த அந்தப் பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதுண்டு. ஸ்கேனில் பெரிதாகத் தெரிவது பல நேரம் சின்னதை விட நன்றாகச் சுருங்கும். நெதர்லாந்தில் கடுமையான கால் வலி இருந்த 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே ஒபரேஷன், மற்றவர்களைப் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு அந்த வருடத்துக்குள் ஒபரேஷன் தேவைப்பட்டது. மற்றவர்கள் கத்தியில்லாமலே தப்பினார்கள். வருட முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஒபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, அதுதான் வித்தியாசம்.

நாம் படுத்தே கிடந்தது இரண்டு நாள்தான். பிறகு நடை. எங்கள் ஊரில் சமதரைக்கு எங்கே போவது? பாடசாலை மைதானத்தையே பத்துப் பத்து நிமிடமாக மூன்று நேரம் சுற்றினோம். முன்னால் குனிந்து உட்காரும்போது டிஸ்க்கில் அழுத்தம் கூடும், ஆகவே கொப்பி திருத்துவதை அலுமாரிப் பக்கம் நின்றபடி செய்தோம். ஸுஜூதுக்குக் குனிய முடியாத நாட்களில் கதிரையில் தொழுதோம். மார்க்கம் தந்த சலுகையை வாங்கிக்கொள்ள ஏன் கூச்சம்? குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் உயர்த்தும் பயிற்சியை பிசியோதெரபியில் காட்டித் தந்தார்கள். அதைச் செய்யும்போது கால் வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி. இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஆறு கிழமையில் தூக்கம் வந்தது. மூன்று மாதத்தில் கால் வலி அடங்கியது.

ஆனால் எமக்கு மெடிக்கல் லீவும் சம்பளமும் இருந்தன. எம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்தைச் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிறார்கள். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, காசும் இல்லை. அவர்களிடம் போய் "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. கொழுந்து நிறைய முன்பே நிறுவைக்குக் கொண்டுபோனால், ஒரு பெரிய கேனுக்குப் பதில் இரண்டு கையிலும் சின்னக் கேனாகத் தண்ணீர் எடுத்தால், இடுப்புக்குக் கொஞ்சம் இளைப்பாறல். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

பொறுக்கவே கூடாத நிலையும் உண்டு. பாதம் தூக்க முடியாமல் இழுபட்டால், உட்காரும் இடம் மரத்துப்போனால், மூத்திரம் போகாவிட்டால் அல்லது அடக்க முடியாவிட்டால், எண்ணெய் தேய்த்து விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். அங்கே ஒபரேஷன்தான் காப்பாற்றும், மணிக்கணக்கும் முக்கியம். அந்த இரவே தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போய்விடுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. நம் பெண்கள் வெட்கத்தில் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மூத்திரம் போகவில்லை என்பதையும் டொக்டரிடம் வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள்.