அகலச் சாலையில் விழித்திருப்பது

பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது எங்கள் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்று வெளியூர்க்காரர்கள் தேடி வருவார்கள். லாரி ஓட்டும் எனக்கு, பெங்களூரில் லோடு இறக்கிவிட்டு விடியும் முன் வந்து சேரும் சொந்த ஊர்.

இருவழிச் சாலையாக இருந்தபோது இந்தத் தொழிலின் சூட்சுமமே ஓவர்டேக்தான். எதிர்விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வண்டியில் எத்தனை டன், மேடா பள்ளமா என்று கண்ணும் காலும் சேர்ந்து கணக்குப் போடும். அந்தப் பயமே தூங்கவிடாது.

பிறகு தங்க நாற்கரச் சாலை வந்தது. மொத்தம் 5,846 கிலோமீட்டர். அதன் சென்னை–மும்பைப் பகுதி எங்கள் ஊர் வழியாகப் போகிறது. எதிர்வண்டிகள் மீடியனுக்கு அந்தப்பக்கம் போய்விட்டன. எத்தனையோ உயிர்களைக் காத்த மாற்றம் அது. ஆனால் பயம் இறங்கிய இடத்தில் தூக்கம் ஏறிக்கொண்டது.

கொட்டாவி வரும்வரை காத்திருப்பவன் ஏற்கெனவே தாமதித்துவிட்டான். கண் சொக்குவதற்கு முன்பே ஞாபகம் சொக்கும். வாலாஜா தாண்டியதும் நான் மனதுக்குள் ஊர்களைச் சொல்லிக்கொண்டு வருவேன்: காவேரிப்பாக்கம், ஓச்சேரி, தாமல். ஓச்சேரி எப்போது கடந்தது என்று தெரியவில்லையா, அடுத்த சரியான இடத்தில் வண்டி நின்றாக வேண்டும். வீடு பக்கம்தானே என்ற நினைப்புதான் இருப்பதிலேயே ஆபத்து. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போய்விடும். மூன்று விநாடி இமை மூடினால், 66 மீட்டருக்கு வண்டியை ஓட்ட ஆளில்லை. டீயும் முகம் கழுவுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். இருபது நிமிடத் தூக்கத்துக்கு ஈடாகாது.

சரி, எங்கே நிறுத்துவது? ரோட்டோரம் இருட்டில் நிற்கும் லாரி, பின்னால் வருகிறவனுக்கு எமன். இடம் கிடைத்தாலும், நிறுத்த நேரமும் வேண்டுமே. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. ஆனால் லோடு ஏற்றிவிடும் பலர் கேட்பது, எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை மட்டும்.

சாலையை இன்னும் அகலமாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே லாரி நிறுத்த விளக்கும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள இடங்களைக் கட்டுங்கள். லோடு அனுப்புகிறவர்களே, டிரைவர் "தூங்கிவிட்டு வருகிறேன்" என்று போன் செய்தால், சரி என்று சொல்லுங்கள்.